நான்கு விரல் குறைந்த சைக்கிள்

என் வீட்டுக்காரர் தங்கபாண்டி அனுமந்தன்பட்டியில் திராட்சைப் பந்தல் போடுகிறவர். கல்லை நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டுவது அவர் தொழில். பந்தலின் உயரத்தை அளக்க அவரிடம் டேப் கிடையாது. நான்தான் டேப். தண்ணீர் பாய்ச்சிய தோட்டத்தில் என்னை நிறுத்தி, "கையத் தூக்கு பவுனு" என்பார். விரல் நுனி எட்டுகிற இடத்தில் செங்கல் துண்டால் கல்லில் ஒரு கோடு. குலை வெட்டுகிறவர்கள் ஈரத்தில்தானே நிற்பார்கள், ஈரத்தில் அளந்தால்தான் சரிவரும் என்பது அவர் கட்சி. ஊரில் என்னைவிடக் குட்டையானவள் இல்லை. எனக்கு எட்டினால் எல்லோருக்கும் எட்டும். இந்தப் பக்கத்துப் பந்தல்களில் பாதி என் அளவில் நிற்பவை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

1998இல் எனக்கு அங்கன்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. அங்கன்வாடி இருந்த ஊர், தோட்டங்களுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் தள்ளி. காலையில் பஸ் கிடையாது. நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அவர்களோடு மேலதிகாரி அம்மாவும் நின்றார். "இன்னொரு தடவ பூட்டிக் கெடந்தா வேற ஆளப் போடச் சொல்லி எழுதிருவேன்மா" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. பத்தாவது முடித்துவிட்டுப் பதிமூன்று வருஷம் களை எடுத்தவள் நான். இது போனால் இன்னொரு வேலை வராது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லி அழுதேன்.

அவர் மறுநாள் தோட்டத்துக்குக் கூப்பிட்டு, கல்லின் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பழக்கத்தில் கையைத் தூக்கினேன். அவரோ குனிந்து என் இடுப்புக்கு நேரே கோடு போட்டார்.

"இம்புட்டுக் கீழ என்னங்க பந்தலு? கோழிக்கா?"

"சும்மா நில்லு" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் வீட்டு வாசலில் ஒரு நீல சைக்கிள். ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை ஓட்டிக் கழித்தது. அவர் கையில் இருந்தது அறுநூறு ரூபாய்தான். அதற்குள் எனக்குப் பொருந்துகிற மாதிரி வாங்க வேண்டும் என்று உத்தமபாளையத்தில் பழைய சைக்கிள் விற்கிற நல்லகண்ணு கடைக்குப் போயிருக்கிறார். சீட்டு இடுப்புக்கு நேரே இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். அதற்குத்தான் அந்தக் கோடு. கோட்டின் உயரத்துக்கு மூங்கில் குச்சி ஒன்றை வெட்டி எடுத்துப்போய், ஒவ்வொரு சைக்கிளின் பக்கத்திலும் நிறுத்திப் பார்த்திருக்கிறார். நல்லகண்ணு அண்ணன் பின்னால் என்னிடம் சொன்னார்: "வீட்டம்மாவக் கூட்டியாந்து ஏத்திப் பாத்து வாங்குங்கன்னு சொன்னேம்மா. என் பொண்டாட்டி அளவு எனக்குத் தெரியாதான்னு சண்டைக்கு வந்துட்டாக."

ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் முட்டி கைப்பிடியில் இடித்தது. அவர் வாசலில் நின்று, "எப்படி? கச்சிதமா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி இல்லையென்று சொல்வது? "கச்சிதம்" என்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

ஊர் எல்லை வரை மிதிப்பேன். அதற்கப்புறம் இறங்கி உருட்டிக்கொண்டு ஓடுவேன். முட்டி இரண்டும் கன்றிப்போயின. ஒரு வாரம் எப்படியோ நேரத்துக்குப் போய்விட்டேன். எட்டாம் நாள் பாதி வழியில் காலை ஊன்றவே முடியவில்லை. வழியிலிருந்த தோட்டத்தில் பந்தல் மேல் கம்பி கட்டிக்கொண்டிருந்த அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏத்தா, எதுக்கு உருட்டிட்டுப் போற? பஞ்சரா?"

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "இடிக்குதுங்க! முட்டி இடிக்குது! சின்னப் பிள்ளை சைக்கிள வாங்கியாந்துட்டு கச்சிதமான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அவர் இறங்கி வந்தார். என் முட்டியைப் பார்த்தார். தன் பெரிய சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து, மூச்சு வாங்க மிதித்துக் கொண்டுபோய் விட்டார். கதவு திறந்தபோது ஒன்பதாக இரண்டு நிமிஷம் இருந்தது. அங்கன்வாடியின் சிமெண்டுத் தரையில் என்னை நிறுத்தி, கடைக்குப் போன நாளிலிருந்து சைக்கிள் பாரில் கட்டியே கிடந்த அந்தக் குச்சியை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். இடுப்புக்கு நான்கு விரல் கீழேயே நின்றுவிட்டது.

"சேத்துல கால் பொதைஞ்சிருக்கு" என்றார். "பந்தலுக்கு அளக்குற மாதிரியே அளந்துட்டேன் பவுனு." பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தலை குனிந்து நின்றார்.

மாற்றித் தர நல்லகண்ணு ஒப்பவில்லை. ஆனால் லேத் பட்டறைக்குக் கூட்டிப்போய், சீட்டைத் தாங்கும் குழாயை நீளமாகச் செய்து கொடுத்தார். கைப்பிடியையும் தூக்கி வைத்தார். பார்க்க விகாரமாகத்தான் இருந்தது. "டீச்சர் சைக்கிளு கழுத்த நீட்டுது" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவரும். இருக்கட்டும். வாய்க்கால் கரையோரம் பன்னீர் திராட்சை வாசத்தில் போன அந்தக் காலைகள் போல எனக்கு இன்னும் ஒரு காலை வரவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கதவு நேரம் தவறித் திறந்ததில்லை.

2010இல் என் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கத் தேனிக்குப் போனோம். அவர் பந்தல் வேலையை விட்டிருந்தார், தோள் வலி. கடையில் பளபளவென்று டைல்ஸ் தரை. அவர் முதலில் செருப்புக் காலால் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னை வண்டியில் உட்காரச் சொன்னார்.

"இடிக்குதா? மறைக்காமச் சொல்லு."

"இடிக்கலங்க. நெசமாத்தான்."

அவர் நம்பவில்லை. கடைக்காரப் பையன்கள் பார்க்க, தரையில் மண்டியிட்டு, என் முட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் நான்கு விரலை நுழைத்துப் பார்த்தார். நுழைந்த பிறகுதான் எழுந்தார்.