சுவரில் ஒட்டிய கடலும் காடும்

எங்கள் தொழிலில் முதல் நாளே தெரிந்துபோகும் உண்மை ஒன்று உண்டு: ஹைதராபாத்தில் எந்தச் சுவரும் நேராக இல்லை. அடுத்தவர் வீட்டுச் சுவரை அளந்தே முழங்கால் தேய்ந்தவர் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவார். ஐ.டி. கம்பெனிகளும் புது ஃப்ளாட்டுகளும் முளைத்துக்கொண்டே இருந்த காலத்தில், பேகம்பேட்டில் ஒரு வால்பேப்பர் கடையில் வேலை பார்த்தேன். சுவர் அளவுக்கு அச்சடித்த மழைக்காடு, புல்வெளி, பாலைவனம், பனிவெளி எல்லாம் அங்கே சுருள் சுருளாக நிற்கும். அளப்பது நான், ஒட்டுவது ரஷீத் பாய். ஆள் வராத மத்தியானங்களில் கேட்லாக்கைப் புரட்டியபடியே ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன்.

ஏழாவது மாடியில் மணல்

காட்டை ஒட்டுவது சுலபம். இலைகளுக்குள் இணைப்புக் கோடு ஒளிந்துகொள்ளும். பாலைவனம்தான் உயிரை எடுக்கும். மயிரிழை விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மாதாப்பூரில் ஏழாவது மாடி ஃப்ளாட் ஒன்றில், ஆறு துண்டு மணலையும் பின்பக்க நம்பரைப் பார்க்காமலே ரஷீத் பாய் பொருத்தினார். வளைகுடாவில் லாரி ஓட்டியவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வேலை முடிந்தும் பிரஷ்ஷைக் கழுவாமல் சுவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். சாயங்கால வெளிச்சத்தில் மணல்மேடுகள் மெல்ல மூச்சு விடுவதுபோல் இருந்தன. "என்ன பாய்?" என்றேன். என்னோடு பழகிக் கற்ற அரைகுறைத் தமிழில் சொன்னார்: "எட்டு வருஷம் பாத்தேன் மேடம், ஒரு நாளும் அழகா தெரியல. இங்க உக்காந்து பாத்தா, ஹவ், ஆமா, அழகாத்தான் இருக்கு."

கட்டில்வரை

லோத்குண்டாவில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை, மனைவிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. பவளப்பாறையும் வண்ண மீன்களுமாகப் படங்களைக் காட்டினேன். "அது உள்கடல்லா. எனக்குக் கரைதான் வேணும்" என்றார் அந்த அம்மா. கட்டிலின் தலைமாட்டில் அலை வந்து நுரைக்கும்படி அளந்து ஒட்டினோம்.

அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் கட்டிலில் ஏறி உட்கார்ந்து நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் புரியும், ஆனால் பேச்சு தெலுங்குதான். "அம்மா, நீள்ளு மஞ்சம் தாகா வஸ்தாயா?" என்றாள். தண்ணீர் கட்டில்வரை வருமா என்று கேட்கிறாள். வராது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா மகள் பக்கத்தில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "வரட்டும்னுதான் ஒட்டச் சொன்னேன்."

மாதிரி வீட்டு ஏரி

ஊருக்கு வெளியே ஒரு பில்டரின் மாதிரி வீட்டு ஹாலில் ஏரி ஒட்டினோம். நாணல், அல்லி, ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. கட்டடம் நிற்கும் இடமே முன்பு ஏரிதான் என்று வாட்ச்மேன் அன்றைக்கே சொல்லியிருந்தார். இரண்டு வாரம் கழித்து, மழைக்குப் பிறகு, படம் பிரிந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். ஹாலில் முழங்கால் தண்ணீர். நிஜத் தண்ணீரும் படத்துத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் சேர்ந்து, கொக்கு அதில்தான் நின்றுகொண்டிருந்தது. பேன்ட்டை மடித்துவிட்டு வாசலில் நின்ற வாட்ச்மேன் தெலுங்கில் சொன்னார்: "பழைய ஏரி புது ஏரியைப் பாக்க வந்திருக்கும்மா."

டன்ட்ரா

மாதாப்பூரில் ஒரு கம்பெனி தன் மீட்டிங் அறைகளுக்கு மழைக்காடு, சவானா, டன்ட்ரா என்று பெயர் வைத்து, அதற்கேற்ற படம் கேட்டது. டன்ட்ராவில் மரமே கிடையாது. உறைந்த தரை, பாசி, ஓர் ஓரத்தில் ஊதாவாகக் கொஞ்சம் பூ. கண்ணாடிச் சுவர் இல்லாத அறை அது ஒன்றுதான். அதனால் அமெரிக்காவில் பாங்குகள் சரிந்த வருஷம், ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேலை இல்லை என்று சொல்ல அந்த அறையையே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது தெரியாது. ஓரம் உரிகிறது என்று பசையோடு போனேன்.

உள்ளே கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கவர். அழுது முடித்த முகம். எழுந்திருக்கச் சொல்ல மனம் வரவில்லை. நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏ.சி. சத்தத்தில் அந்தப் பனிவெளி எங்களைச் சுற்றி நீண்டுகொண்டே போவதுபோல் இருந்தது. "அந்தக் குளிர்ல எப்படிங்க்கா பூக்குது?" என்று கேட்டாள். வருஷமெல்லாம் மண்ணுக்குள் காத்திருந்து, வெயில் வரும் இரண்டு மாதத்தில் பூத்துவிடும் என்று கேட்லாக்கில் படித்ததைச் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பூவை விரலால் தொட்டாள். உரிந்திருந்த ஓரத்தையும் அழுத்திவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு மாசம் போதுங்க்கா, எனக்கும் அவ்வளவுதான் டைம் குடுத்திருக்காங்க."

பனி முதல் பவளப்பாறை வரை உலகத்தையே கையால் தடவிக் காற்றுக் குமிழி எடுத்தாயிற்று, எங்கள் வீட்டு ஹால் சுவர் மட்டும் இன்னும் வெறும் சுண்ணாம்புதான்.