அம்மா கேட்ட மழை

தகரக் கூரையில் மழை விழுந்ததும் என் மகள் ஜன்னலுக்கு ஓடினாள். இன்று அவள் பள்ளியில் விளையாட்டு விழா. “மழ வரக்கூடாதுன்னு நான் ஜெபம் பண்ணேன்லம்மா?” என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது, அவள்மேல் அல்ல.

சேரம்பாடி தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது எனக்குப் பத்து வயது. வெயிலில் கொழுந்து காய்ந்து அம்மாவுக்கு வாரக்கணக்கில் வேலை இல்லை. ஒரு ராத்திரி அடுப்படிப் புகையில் முழங்காலிட்டு மழை கேட்டாள். மறுநாள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் ஊட்டிக்குப் போவதாக இருந்தோம். அதனால் நான் போர்வைக்குள் வெயில் கேட்டேன்.

விடிகாலையில் கொட்டித் தீர்த்தது. பாதையில் மண் சரிந்து பயணம் நின்றது. அம்மா வாசலில் நனைந்தபடி ஸ்தோத்திரம் சொன்னாள்.

கொழுந்து வந்த பிறகு, முதல் சம்பளத்தில் ரப்பர் வாடையடிக்கும் மழைக்கோட்டு ஒன்று வாங்கி வந்தாள். போர்வைக்குள் நான் முணுமுணுத்ததும் மழைக்கென்றே நினைத்திருந்தாள். “பாத்தியா, ஒன் ஜெபத்தையும் ஆண்டவர் கேட்டுட்டாரு!”

“நான் கேட்டது வெயிலும்மா!” என்று கத்தினேன். அவள் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அலமாரியைத் திறந்து, மகளுடைய மழைக்கோட்டை எடுத்தேன்.

“நான் இதக் கேக்கலம்மா.”

பொத்தான்களைப் போட்டுவிட்டேன்.