திங்கட்கிழமை எடை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி

உடம்பைக் குறைக்கும் தொழிலில் ஒன்று மட்டும் நிச்சயம்: குறைத்துக்கொண்டு போனவர் கூட்டிக்கொண்டு திரும்பி வருவார்.

தொண்ணூறுகளின் கடைசியில், லிங்கராஜபுரத்தில் ஒரு மாடியில் இருந்த எடைக்குறைப்பு மையத்தில் நான் உணவு ஆலோசகராக இருந்தேன். எடை பார்ப்பது, சார்ட் எழுதிக் கொடுப்பது, அடுத்த வாரம் ஏன் குறையவில்லை என்பதற்கான சமாதானங்களைக் கேட்டுக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. வேறெங்கோ ஒரு எடை மெஷினில் ஆசையாக ஏறி, நொந்து இறங்கியவராக நீங்கள் இருந்தால், இதில் பாதி உங்கள் கதையாகவே இருக்கும்.

வெயிட் புடவை

எங்கள் மையத்தில் திங்கட்கிழமை காலைதான் எடை பார்ப்போம். வந்ததும் வாட்ச், வளையல், கொண்டை ஊசி, கைக்குட்டை எல்லாம் என் மேசைமேல் குவியும். ஒவ்வொருவரிடமும் ‘வெயிட் புடவை’ என்று ஒன்று இருந்தது. இருப்பதிலேயே லேசானது. டிசம்பர் குளிரிலும் திங்களன்று அதைத்தான் கட்டிக்கொண்டு நடுங்குவார்கள்.

பக்கத்துத் தெருவில் பிளவுஸ் தைத்துக்கொடுத்த மேரி அக்கா இன்னும் ஒரு படி மேலே போனார். எங்களிடம் பலமுறை குறைத்துப் பலமுறை கூட்டிய பழைய வாடிக்கையாளர் அவர். ஒருநாள் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். ஏறிய பிறகு முள் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. “நீங்களே பாத்துச் சொல்லுங்க மேடம். கொறஞ்சிருந்தா சத்தமா சொல்லுங்க, இல்லாட்டி காதுல சொல்லுங்க.”

கீழ்வீட்டு உளுந்து

மையத்துக்கு நேர் கீழே ஒரு தர்ஷினி. நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிற கடை. நடத்தியவர் உடுப்பிப் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அவர் பட்டர். ஒரு திங்களன்று வேலைக்கு நடுவே காபி குடிக்க இறங்கினேன். எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று சற்றுமுன் நான் சொல்லி அனுப்பிய பெண்கள், வரிசையாக சாம்பார் வடையோடு நின்றிருந்தார்கள். ஒருவர் அவசரமாகத் தட்டைத் தலைப்பால் மூடினார்.

மெஷினுக்குப் பயந்து ஞாயிறு முழுவதும் பட்டினி கிடந்தவர்களிடம் என்ன சொல்வது? பட்டர் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். “திங்கக்கெழமைன்னா நான் டபுள் உளுந்து ஊறப் போடறேன் மேடம். தயவு செஞ்சு மெஷின மட்டும் வேற பில்டிங்குக்கு மாத்திடாதீங்க.”

முதலாளியின் ரிசல்ட்

மெஷினை அல்ல, கிழமையை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேருக்கு ஞாயிறு என்றால் சர்ச், சர்ச் முடிந்தால் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. மேரி அக்கா வீட்டில் அன்று பிரியாணி போடுவது அவர் வீட்டுக்காரர். பானையின் அடியில் ஒட்டிய மசாலாச் சோற்றுக்கு அக்காவும் மகள் ஷெர்லியும் சண்டை பிடிப்பார்களாம். எங்களிடம் வந்தபின் அக்கா இருவருக்கும் பரிமாறிவிட்டு, வெள்ளரிக்காயோடு அடுப்படியில் உட்கார்ந்துகொள்வார்.

முதலாளி பகலில் வைட்ஃபீல்டில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு இந்த மையத்தையும் நடத்தியவர். வியாழனுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “ஞாயித்துக்கெழம அவங்க சாப்பிடாததாலதான் மேடம் திங்கக்கெழம ரிசல்ட் வருது. வியாழனுக்கு மாத்திட்டா ரிசல்ட்டுக்கு நான் எங்க போறது?”

ஷெர்லி

சில மாதம் கழித்து மேரி அக்கா ஷெர்லியோடு வந்தார். பத்தாவது படிக்கிற பெண், பள்ளிச் சீருடை தோளில் தொங்கியது. அக்கா அன்று வளையலைக் கழற்றவில்லை.

முதலில் ஞாயிறு மதியம் சாப்பாடு வேண்டாம் என்றாளாம். பிறகு டிபன் டப்பா திறக்காமலே வீட்டுக்கு வந்தது. போன வாரம் பள்ளிப் பிரேயரில் மயங்கி விழுந்திருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, வாரம் தவறாமல் காட்டச் சொல்லியிருக்கிறார், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். ஏன்மா சாப்பிடுவதில்லை என்று கேட்டேன். “அம்மாவும்தான் சாப்பிடறதில்ல ஆன்ட்டி” என்றாள், கோபமே இல்லாமல். மேரி அக்கா மெஷினைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கொறைக்கறதுக்கு எத்தன சார்ட் குடுத்தீங்க மேடம். இவ சாப்பிடறதுக்கு ஒண்ணு குடுங்க.”

அடிச்சோறு

அப்படி ஒரு சார்ட் என்னிடம் இல்லை. டாக்டரிடம் போவதை நிறுத்தாதீர்கள், இங்கே வருவதை நிறுத்துங்கள் என்றேன். ஞாயிறன்று அவளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். அவள் தட்டைப் பார்க்காதீர்கள். சாப்பிட்டால் மெச்ச வேண்டாம், சாப்பிடாவிட்டால் திட்ட வேண்டாம். “நான் எவ்ளோ சாப்பிடணும்?” என்று கேட்டார். பசி அடங்கும்வரை என்றேன். தெரியாத ஊருக்கு வழி கேட்டவர்போல விழித்தார்.

மறு திங்கள் அவர் மறுபடியும் படியேறி வந்தார், அதே வெயிட் புடவையில். முந்தின நாள் மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டாராம். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவாராம். ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். பள்ளிக்குப் போக வேண்டிய ஷெர்லி, பட்டர் கடை ஓரமாக நின்று எங்கள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏறாதபடி என் கைப்பையை எடுத்து மெஷின்மேல் வைத்தேன். அக்காவை ஜன்னலுக்கு அழைத்துக் காட்டினேன். அவர் இறங்கிப் போனார். கீழே ஒரு தட்டு இட்லி வாங்கி அவர் தின்ன, மகள் பக்கத்தில் சும்மா நின்றாள். அந்த வாரமும் அதற்கடுத்த சில வாரங்களும் நடந்தது அவ்வளவுதான்.

மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் தெருவில் அக்காவைப் பார்த்தேன். கனமான பருத்திப் புடவை, கண்ணாடி. ஷெர்லி வெள்ளரிக்காயிலிருந்து தயிர்ப்பச்சடிக்கு வந்திருக்கிறாளாம், அதிலிருந்து ஒரு கரண்டி சோற்றுக்கு. டாக்டர் இன்னும் வரச்சொல்கிறார். சொல்லிவிட்டு நகரப் பார்த்தவர், குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டார். “நேத்து, அடிச்சோறு மொத்தமும் உனக்கேவான்னு கேட்டா மேடம். நான் நிமிந்தே பாக்கல. பாதிய அவ தட்டுல தள்ளிட்டு, குனிஞ்சு சாப்பிட்டுக்கினே இருந்தேன்.”

எங்களிடம் திரும்பி வராமலே போன ஒரே வாடிக்கையாளர் மேரி அக்காதான், முதலாளி கடைசிவரை அவரை என் தோல்வியாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.