கடலில் போட்ட ஃபைல்

தேசம்மாவிடம் பேரம் பேசிப் பாருங்கள், தெரியும். "இஷ்டமிருந்தா எடு, இல்லன்னா போய்க்கினே இரு" என்பாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். மந்தைவெளியிலிருந்து பத்து வருஷமாகப் போய் அவளிடம் வாங்கித் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த வாய் அடைத்துப்போய் நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

அவள் மகள் அஸ்வினி இதயக் கோளாறோடு பிறந்தவள். அழுதால் உதடு நீலமாகிவிடும். ஒன்றரை வயதில் ஆபரேஷன் செய்து பிழைத்தாள். நோயில் உடுத்திய துணியைக் குணமானதும் கடலில் விட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். வியாதி திரும்பி வராதாம். தேசம்மா துணியோடு நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி ஃபைலையும் சேர்த்துக் கட்டி, மீன் பிடிக்கப் போகும் கணவன் கங்காதரனிடம் கொடுத்தாள். கரையில் போட்டால் அலை கொண்டுவந்துவிடும், ஆழத்தில் போடு என்றாள். வருஷா வருஷம் கூட்டி வர வேண்டும் என்று அந்த ஃபைலில்தான் எழுதியிருந்தது.

போன வருஷம், பதினான்கு வயதில், அஸ்வினி பள்ளிக்கூட மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். கங்காதரன் கடலில் இருந்தார். தேசம்மா கூப்பிட, ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன்.

டாக்டர் ரூபீனா ஸ்கேனை நிதானமாகப் பார்த்தார்.

"நுரையீரலுக்கு ரத்தம் போற வழியில இருக்கற வால்வு கசியுதும்மா. அனுப்பின ரத்தம் திரும்பித் திரும்பி வந்து இதயம் பெருத்துப்போச்சு. இந்த ஆபரேஷன் பண்ணின நிறைய குழந்தைங்களுக்கு வளர வளர இப்படி ஆகும். புது வால்வு வெக்கணும். பழைய ஃபைல் எங்க?"

"வெள்ளத்துல பூட்ச்சு மேடம்."

அஸ்வினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாத்துக்கும்மா பொய் சொல்ற? கடல்ல போட்டேன்னு நீதானே எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவ."

தேசம்மா தலை நிமிரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் படித்த நான் மட்டும் என்னத்தைக் கிழித்தேன்? பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட, 'பிள்ளையை டாக்டரிடம் காட்டினாயா' என்று கேட்டதில்லை.

"நான்தான் மேடம் போட்டேன்" என்றாள் கடைசியில். "திரும்பி வரக் கூடாதுன்னுதான் போட்டேன்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

முதல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியை எப்போதோ மூடிவிட்டார்கள். உள்ளே என்ன வைத்துத் தைத்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு டெஸ்டாக எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் யார் என்ன விலைக்குக் கேட்டாலும் தேசம்மா மீனைக் கொடுத்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர்கள் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். அஸ்வினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கங்காதரன் ஆஸ்பத்திரித் துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வழக்கப்படி ஃபைலுக்கும் கை நீட்டினார்.

"அத்தத் தொட்டே, அவ்ளோதான்" என்று பிடுங்கிக்கொண்டாள் தேசம்மா. பழைய குரல். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"இந்த வால்வும் பத்துப் பதினஞ்சு வருஷம்தான்னு டாக்டர் சொன்னாங்களேம்மா" என்றாள் அஸ்வினி. "அப்போ திரும்ப வருமா?"

தேசம்மா துணி மூட்டையை மட்டும் கணவன் பக்கம் தள்ளினாள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மகள் அருகில் உட்கார்ந்தாள்.

"வரும்" என்றாள். "வரட்டும். காயிதம் என் கையில கீது."