பாறைக்கு வாசித்த தவில்

எங்கள் திறந்தவெளி அரங்கத்தின் வரலாறு என்று வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். கல் உடைத்த குழி, அப்புறம் ஆடு மேய்ந்த இடம், அப்புறம் அரங்கம் என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிட்டார்கள். திறப்பு விழா அன்று மத்தியானமே அதை இடிக்கலாமா என்று பேச்சு வந்ததையும், அதற்கு நான்தான் காரணம் என்பதையும் எழுதவில்லை. இந்த மைக் செட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று நானே எழுதுகிறேன்.

அப்போது எனக்குச் சவுண்டு வேலையில் இருபது வருஷ அனுபவம். எல்லாம் கோயில் கொடைத் திருவிழாவும் கல்யாண வீடும்தான். கொடைக்கு மைக் செட் போடுகிறவன் பனைமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவான். பக்கத்து ஊர்க்காரன் மறுநாள் வந்து, "ஏலே, காது கிழிஞ்சு போச்சுலே" என்று ஏச வேண்டும். அப்படி ஏச்சு வாங்கினால்தான் எங்களுக்குப் பெருமை.

அரங்கம் சேரன்மகாதேவி போகிற ரோட்டில் இருக்கிறது. குழியின் ஒரு பக்கம் நெட்டுக்குத்தாகப் பாறை. அதை ஒட்டி அரைவட்டமாகப் படி இருக்கைகள், கீழே மேடை. மூவாயிரம் பேர் தாராளமாக உட்காரலாம். கட்டியவர் கோமதி என்று ஒரு இளம் என்ஜினியர். அவருக்கு அதுதான் முதல் பெரிய வேலை.

முதல் கச்சேரி நாதஸ்வரம். மத்தியானம் சவுண்டு செக்குக்குத் தவில்காரர் ஆவுடையப்ப அண்ணாச்சி மேடையில் மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு அடி அடித்தார். எதிரே இருந்த பாறை அதை அப்படியே திருப்பி அடித்தது. வேகமாக நாலு அடி அடித்தார். நாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பி வந்தது. அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருவே அங்கன எனக்கு எதிரா வாசிக்கது? பாறைகூடப் போட்டி போட நமக்குத் தெம்பு இல்ல. வண்டிய எடுக்கச் சொல்லும்."

மேற்பார்வைக்கு வந்திருந்த பெரிய அதிகாரி என்னைப் பார்த்தார்.

"கட்டடம் தப்பு சார். குழிக்குள்ள கட்டினா இப்படித்தான்" என்றேன். யோசிக்கவே இல்லை. பழியை அடுத்தவர் தலையில் போடுவதென்றால் வாய் முந்திக்கொள்கிறது.

கோமதி மேடத்தின் முகம் சுண்டிப்போனது. "நான் எல்லாம் அளந்து பாத்துத்தான் சார் கட்டினேன்."

"கச்சேரிய மண்டபத்துக்கு மாத்துங்க. மேல் வரிசைகள இடிக்கணுமான்னு நாளைக்குப் பேசுவோம்" என்று அதிகாரி போனை எடுத்தார்.

வயரைச் சுருட்டலாம் என்று மேல் வரிசைக்கு ஏறினேன். பக்கத்து வாய்க்காலில் நூறுநாள் வேலை பார்க்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் பாறை நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பேச்சியம்மாள் என்கிற அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டிய எதுக்கு வானத்தப் பாக்க வச்சிருக்கிய? சத்தம் எங்க தலைக்கு மேல போயி பாறையில முட்டிட்டு வருது. நாங்க இங்கன உக்காந்திருக்கோம், அவரு பாறைக்கு வாசிக்காரு!"

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பி மேடையைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இரண்டு பக்கமும் நான் உயரக் கட்டிய ஸ்பீக்கர்கள் பக்கத்து ஊரைப் பார்த்து மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தன. பனைமரத்தில் கட்டிய பழக்கத்தில் கை தானாகக் கட்டியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்டதில்லை.

பைய ஸ்பீக்கரைச் சாய்த்து மாட்டிவிட்டு, ஏதோ லைன் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் கீழே கோமதி மேடம் பிளானை மேடையில் விரித்து வைத்து, இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பார்க்கவே எனக்கு அசிங்கமாக இருந்தது. இறங்கிப் போனேன்.

"சார், தப்பு கட்டடத்துல இல்ல. ஸ்பீக்கர ஊரப் பாக்கக் கட்டிட்டேன். தப்பு என்னோடது."

அதிகாரி காதிலிருந்து போனை எடுத்துவிட்டு முறைத்தார். மேடம் பிளானைச் சுருட்டி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏறுங்க அண்ணாச்சி, நான் ஏணியப் புடிச்சுக்கிடுதேன்" என்றார்.

ஸ்பீக்கர்களின் முகத்தைப் படிகளைப் பார்த்துத் தாழ்த்தினேன். ஆவுடையப்ப அண்ணாச்சியைக் கெஞ்சி உட்கார வைத்துவிட்டு, மேலே ஓடிப்போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்தேன். மேடமும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அடி விழுந்தது. தவிலின் ஒவ்வொரு சொல்லும் உடையாமல் வந்து சேர்ந்தது. பேச்சியம்மாள் கையில் சோற்றோடு தலையாட்டினாள். அதைப் பார்த்த தவில் அண்ணாச்சிக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. அரைமணி நேரம் நிறுத்தவே இல்லை. சாயங்காலத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று நாதஸ்வரக்காரர் வந்து கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அதிகாரி மண்டபம் வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தார்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இங்க ஒவ்வொரு படியிலயும் நின்னு அளந்திருக்கேன் அண்ணாச்சி. உக்காந்தது இன்னைக்குத்தான்."

அன்றிலிருந்து எந்தக் கச்சேரியானாலும் ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் கடைசி வரிசைக்கு ஏறிப் போய் உட்காருகிறேன். நீங்களும் உட்காருங்கள். அங்கே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கேட்குதா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.