சலவை அறைக்குப் போன நாற்பது புத்தகங்கள்

செர்பியாவின் நிஷ் நகரத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ரட்மிலாவுக்கு இருபத்தாறு வருட வேலை. மாணவர்கள் சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதி நீட்டுவார்கள். இவர் நிலவறைக்கு இறங்கி எடுத்து வருவார். பெயர் தெரியாத புத்தகத்தை யார் கேட்பார்கள்? பரீட்சைக்கு வேண்டியவை மட்டும் மேலே வந்தன, மற்றவை கீழேயே கிடந்தன. பக்கத்து மேசையில் நூல் அட்டவணை எழுதும் எனக்கு அது பழகிவிட்டது. அவருக்குப் பழகவில்லை.

ஒருநாள் தங்கை மகளைப் பார்க்க மாணவர் விடுதிக்குப் போனவருக்கு அடித்தளச் சலவை அறையில் காத்திருக்க நேர்ந்தது. முந்நூறு பேருக்கு மூன்று இயந்திரங்கள். கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. வரிசையில் ஒருத்தி சோப்புத்தூள் பெட்டியின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தாளாம்.

மறுவாரமே நாற்பது நாவல்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி அங்கே நிறுத்தினார். சீட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நூலக இயக்குநர் யெலிசவேத்தா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஜூன் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் வண்டி நிலவறைக்குத் திரும்பிவிடும்.

விடுதி வாசல் காவலர் ஸ்வெதோசார் முதல் நாளே சிரித்தார். "இங்க போட்ட சாக்ஸே ஜோடியா திரும்பி வந்ததில்ல. உன் புத்தகம் வருமா?"

ஜூனும் வந்தது. இயக்குநர் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தார். பத்து மணிக்கு நாங்கள் எண்ணினோம். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணியும் அதே முப்பத்தொன்பது. இயந்திரங்களுக்குப் பின்னால், போர்வைக் கூடைக்குள், எங்கும் இல்லை.

"ஒவ்வொரு மாடியா கதவத் தட்டிட்டேன் அக்கா," என்றாள் விடுதியில் தங்கும் மாணவி துனியா. "யார்கிட்டயும் இல்ல."

ரட்மிலா வாசலுக்கு வந்தார். "யோவ் ஸ்வெதோ, பச்ச அட்ட போட்ட தடிப் புத்தகம் ஒண்ணு. பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கறேன்? எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான். அந்தப் படகுக்காரன் வேற சரியான மடையன். அவ்வளவு நல்ல பொண்ண கரையிலேயே நிக்க விட்டுட்டுப் போறான்."

ரட்மிலா இடுப்பில் கை வைத்தார். "படகுக்காரன் கதைன்னு நான் சொல்லவே இல்லையே."

ஸ்வெதோசார் மேசைக்கு அடியிலிருந்து, செய்தித்தாளால் அட்டை போட்ட புத்தகத்தை எடுத்தார்.

"எங்கள எல்லாம் கூடைக்குள்ள தலைய விட்டுத் தேட வச்சுட்டு நீ இங்க உக்காந்து படிக்கற."

"முப்பது பக்கம்தான் பாக்கி. குடுத்தா கொண்டுபோய்ப் பூட்டிருவீங்க."

ரட்மிலா சுவரில் சாய்ந்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். "படி. ஆனா இந்த எடத்த விட்டு நகராத."

யெலிசவேத்தா வந்து தானே எண்ணினார். "நாப்பதாவது எங்கே?"

"வாசல்ல இருக்கு மேடம். படிச்சிட்டிருக்காங்க," என்றார் ரட்மிலா.

அவர் போய் எட்டிப் பார்த்தார். ஸ்வெதோசார் தலையைத் தூக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் ஒரு விரலை மட்டும் தூக்கினார். இயக்குநர் சத்தமில்லாமல் திரும்பி வந்து தாளில் நாற்பது என்று எழுதினார். வண்டி இருந்த இடத்திலேயே நின்றது.

பத்து மணிக்கு வாங்கி வைத்த காப்பியை அப்போதுதான் எடுத்தோம். சுத்தமாக ஆறிப்போயிருந்தது. ரட்மிலா தன்னுடையதையும் குடித்து, என்னுடையதிலும் பாதியைக் குடித்தார்.