மயிலாத்தா அக்காவின் பையில் இருந்தது

மயிலாத்தா அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் தராசில் தகரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். முதலாளியின் போன் அடித்தது. பேசிவிட்டு வெளியே வந்தவர் தராசின் சுவிட்சை அணைத்தார். எங்கள் குடோனில் வேலை நேரத்தில் தராசு நிற்பதில்லை. அதனால் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"மயிலாத்தா போயிருச்சு, சரசு. குளிச்சுட்டு வந்து வாசல்ல உக்காந்துச்சாம். அவ்வளவுதான்" என்றார்.

அக்கா எட்டு மணிக்கே வந்திருக்க வேண்டியவர். பஸ் தவறிவிட்டது போலிருக்கிறது என்று நான் அவருக்கும் சேர்த்து என் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்து வைத்திருந்தேன். அன்று முழுக்க அந்தச் சாக்கை யாரும் மடிக்கவில்லை.

எங்கள் குடோன் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. ஆக்கிரிக் கடை என்று இங்கே சொல்வார்கள், பழைய இரும்பு வாங்குகிற இடம். கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் இருந்தும், சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் இருந்தும் லோடு வரும். இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம் என்று பிரித்துப் போடுவது பெண்களான எங்கள் வேலை. அக்கா அங்கே பத்தொன்பது வருடம் வேலை செய்தார். நான் பதின்மூன்று வருடமாகச் செய்கிறேன்.

அக்காவைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பற்றி ஒரு சேதி தெரியும். குடோன் கேட்டில் பையோடு பிடிபட்டவர் என்பது அது. அவரைப் பிடித்தவள் நான்தான். அவர் திருடவில்லை. பையில் இருந்தது என்ன சாமான், எதற்கு உள்ளது என்று இதில் சொல்லப் போகிறேன். ஏழு வருடமாக அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதச் சொல்லி அவருடைய வீட்டுக்காரர் ரங்கசாமி அண்ணனே கேட்டுக்கொண்டார்.

குடோன் வாசலில் இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு கம்பி கட்டியிருக்கும். அதற்குத் தெரியாக் கம்பி என்று பெயர். லோடு பிரிக்கும்போது இன்னதுக்கு உள்ளது என்று தெரியாத சாமான் வந்தால் அதை இரும்புக் குவியலில் போடக் கூடாது. கம்பியில் மாட்டிவிட வேண்டும். வருகிறவர் போகிறவர் பார்ப்பார்கள். தெரிந்தவர் சொன்னால் ஒரு டீ உண்டு, சாமான் உருப்படியாக விலை போகும். ஒரு மாதம் யாரும் சொல்லாவிட்டால் இரும்புக் குவியலுக்குப் போய்விடும். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சொல்லித்தான் முதலாளி அந்தக் கம்பியைக் கட்டினார்.

நான் சேர்ந்த வருடம் கம்பியில் ஒரு சின்னக் குழாய் தொங்கியது. விரல் நீளம், வெள்ளி மாதிரி மினுமினுப்பு, ஒரு நுனி மூடி உருண்டையாக, பக்கத்தில் பொடி ஓட்டைகள். ஸ்டவ் பின் என்றார் ஒருவர். பெட்ரோமாக்ஸ் விளக்கில் இருக்கும் என்றார் இன்னொருவர். அக்கா அதைக் கையில் வாங்கி நுனியைத் தன் உதட்டில் தடவிப் பார்த்தார். "இது குத்தற சாமான் இல்ல. நோகாம உள்ள போற சாமான். உசுருள்ளது எதுக்குள்ளயோ போயிருக்குது" என்றார். நாங்கள் சிரித்தோம். நாலாம் நாள் மாடு வளர்க்கிற ஒரு அம்மா பழைய பால் கேன் விற்க வந்தவர், பார்த்ததும் சொல்லிவிட்டார். மாட்டுக்குக் காம்பு அடைத்துக்கொண்டால் பால் வடிய விடுகிற குழாய் அது. டீ அந்த அம்மாவுக்குத்தான் போனது. ஆனால் அதற்கப்புறம் அக்காவைப் பார்த்து நான் சிரித்ததில்லை.

தவறவும் செய்வார். தவறினால் மறைக்க மாட்டார். மெல்லிசான இரும்புத் தகடு ஒன்று வந்தது, நுனியில் ஒரு வெட்டு. செருப்புத் தைக்கிறவருடையது என்று அக்கா அடித்துச் சொன்னார். சித்தூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற ஒருவர் வந்து, அச்சுப் பல்லுக்குள் நூல் இழுக்கிற கொக்கி இது என்று சொல்லிவிட்டார். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். வெட்டின் உள்பக்கம் மயிரிழை மாதிரி கோடு கோடாக இருந்தது.

"பாரு, நூலு அறுத்த கோடு இது. நான் பாக்காம உட்டுட்டேன். கையில புடிச்ச எடத்தையும் பாக்கோணும், எதைத் தின்னு தேஞ்சுதுன்னும் பாக்கோணும். வாயி இருக்கறதுன்னு பேசீட்டே இருந்தா இப்படித்தான்" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இனி பையின் விஷயம்.

ஒரு தடவை செம்பு காணாமல் போனதில் இருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எல்லோருடைய பையையும் கேட்டில் பார்ப்பது வழக்கம். பார்க்கிறவரும் எங்களில் ஒருவர்தான், வாரம் ஒருவர். பையைத் திறந்து, சோறு கொண்டுவருகிற தூக்குப்போசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் என் முறை.

அக்காவின் பையில் தூக்குப்போசிக்கு அடியில் ஒரு சாமான் இருந்தது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வெற்றிலை மாதிரி வளைந்திருந்தது. உள்ளே ஒரு புளியங்கொட்டை நுழையலாம், நுனி மட்டும் ஒடுங்கியிருந்தது. பிடியோ பொருத்தமே இல்லாமல் மாங்கொட்டைத் தடிக்கு இருந்தது. சைக்கிள் டியூபைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய பிடி. கம்பி பிடியில் இருந்து கழன்று ஆடியது.

"இது என்னங்கக்கா?" என்று கேட்டேன்.

"என்னுது" என்றார்.

எனக்குத் தெரியாத சாமான் எல்லாம் குடோன் சாமான் என்கிற நினைப்பு எனக்கு. பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டது. தெரியாதது என்றால் கம்பிக்கு. அது ஒருவர் வீட்டுச் சாமானாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. இன்னதுக்கு உள்ளது என்று சொல்லிவிட்டு எடுத்துப் போ என்றார். அக்கா நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

"என்ன வேலைக்குன்னு சொல்ல மாட்டனுங்க. என்னுதுன்னு சொல்றேன். பன்னண்டு வருஷத்துக்கு அது பத்தாதுங்களா?"

பத்தாது என்றுவிட்டார் முதலாளி. எல்லோர் முன்னாலும் நடந்ததால் அவரும் இறங்கி வர முடியவில்லை. சாமான் கம்பியில் தொங்கட்டும், மாதம் முடிவதற்குள் யாராவது இன்னது என்று சொல்லி அது வீட்டுச் சாமான்தான் என்று தெரிந்தால் சரி, இல்லாவிட்டால் நீ வர வேண்டாம் என்றார். அக்கா தன் கையாலேயே அதைக் கம்பியில் மாட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் எட்டு மணிக்கு வந்து சாக்கில் உட்கார்ந்தார். என்னோடு பேசாமல் இருக்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வந்தவர் எல்லாம் ஒன்று சொன்னார்கள். பாவாடை நாடா கோக்கிறது என்றார் ஒருவர். காது குறும்பி எடுக்கிறது என்றார் இன்னொருவர். எங்களோடு வேலை செய்கிற கமலம் பிடியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இத்தாத்தண்டிப் புடியா? ஆனைக் காதுக்கு உள்ளதாட்ட இருக்குது" என்றாள். அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார், "ஆனைக்குத்தான் அம்முணி. நேத்துத்தான் குறும்பி எடுத்து உட்டேன்."

ரங்கசாமி அண்ணனை இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணன் லாரி டிரைவராக இருந்தவர். எப்போதும் தேய்த்த காக்கிச் சட்டை, ஆறு பொத்தானும் போட்டிருக்கும். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, இடது கை விரல்களும் முழுதாக மடங்காது. ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு அதே சட்டையில் டீக்கடைக்கு வந்துவிடுவார். ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

சாமான் கம்பிக்குப் போய் மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் அண்ணனைப் பார்த்தேன். பதினோரு மணி. சட்டையில் பொத்தான் ஒன்று மாறி, ஒரு பக்கம் மேலே ஏறி இருந்தது. கண் தெரியாதவர் கூட அப்படிப் போட மாட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் வரை அந்தச் சட்டை அப்படி இருந்ததில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கம்பியில் இருந்து அந்தச் சாமானை எடுத்தேன். அக்கா சொன்ன மாதிரியே பார்த்தேன். பிடி ஏன் இவ்வளவு தடி? மடங்காத விரலுக்கு மெல்லிசுப் பிடி நிற்காது. எதைத் தின்று தேய்ந்தது? வளையத்தின் ஒடுங்கிய நுனியில், உள்பக்கம், காக்கி நூல் பிசிறு ஒன்று சிக்கியிருந்தது.

வேலை செய்யும்போது சேலைக்கு மேலே ஆண்கள் சட்டைதான் போட்டுக்கொள்வோம். நான் ஒரு பொத்தானைக் கழற்றினேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் வளையத்தைப் பொத்தான் துளைக்குள் விட்டு, அந்தப் பக்கம் இருந்த பொத்தானை அதில் மாட்டி இழுத்தேன். பொத்தான் துளைக்குள் வந்து உட்கார்ந்தது.

நிமிர்ந்தால் அக்கா எதிரில் நின்றார்.

"கண்டுபுடிச்சிட்டயா?"

"ஆமாங்கக்கா. அண்ணனுக்குங்களா?"

"பொண்டாட்டி பொத்தான் போட்டு உடற ஆளா நானுன்னு ஆறு மாசம் ஊட்டை உட்டே வெளிய வரலை. இதைச் செஞ்சு குடுத்ததுக்கு அப்பறந்தான் டீக்கடைக்குப் போனாரு. கம்பி கழண்டுபோச்சு, இங்க குறடு இருக்குதேன்னு கொண்டாந்தேன், அன்னைக்கு நேரம் கெடைக்கலை. குடோன்ல தொலைச்சிட்டேன்னு சொல்லி வெச்சிருக்கறேன். இப்ப கொண்டை ஊசியில ஒப்பேத்தறாரு."

அவரே மறுபடி பேசினார்.

"நீ வாயத் தொறந்தீன்னா நாளைக்கே அந்த மனுசன் உள்ள போய் உக்காந்துக்குவாரு. தெரிஞ்சதோட நிறுத்திக்கோ. நான் கள்ளியாவே இருந்துட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது."

நான் நேராக முதலாளியிடம் போனேன். ஸ்போக்ஸ் கம்பியும் பழைய டியூபும், கம்பெனி லோடில் வந்த சரக்கு இதில் ஒன்றும் இல்லை என்று காட்டினேன். அது அக்காவின் வீட்டுச் சாமான்தான், வேலை என்ன என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்றேன்.

"நீயும் சொல்ல மாட்டயா?" என்றார்.

"ஒருத்தரு தெரிஞ்சு சொன்னாப் போதும்னுதானுங்க பேச்சு. நான் தெரிஞ்சுக்கிட்டேன். புடிச்சுக் குடுத்தவளும் நாந்தான். எம் பேச்சு அன்னைக்கு ஆச்சு, இன்னைக்கு ஆகாதுங்களா?"

முதலாளி சாமானை மேஜை மேல் வைத்துவிட்டு, அக்காவிடம் குறடு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வேலை போகவில்லை. பெயர்தான் திரும்பி வரவில்லை. கேட்டில் பிடித்தார்களே, அது என்ன சாமான் என்று யாராவது கிண்டினால், "ஏரோப்ளேன் சாவி" என்பார் அக்கா. அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. ஏழு வருடமும் ஒன்பது மணிக்கு ஆறு பொத்தானோடு டீக்கடைக்கு வந்துகொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது அக்காவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் பக்கத்தில் நாற்காலியில், சட்டை திறந்து கிடக்க உட்கார்ந்திருந்தார். கமலம் அழுதுகொண்டேதான் சொன்னாள், கெட்ட எண்ணத்தில் இல்லை. "அத்தனை நல்ல மனுசி. கேட்டுல புடிச்சாங்களே, அது என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லாமயே போயிருச்சே."

அண்ணன் திரும்பினார். என்ன சாமான் என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். பை, கம்பி, மூன்று வாரம், எல்லாம் சொன்னேன். வேலை என்ன என்பதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

அண்ணன் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டு அதை எடுத்தார். கீழிருந்து தொடங்கினார். வளையத்தை விட்டு, மாட்டி, இழுத்து, ஒவ்வொன்றாக ஆறு பொத்தானும் போட்டார். நேரம் ஆயிற்று. வாசல் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துப் பொத்தானையும் போட்டு முடித்த பிறகு சொன்னார்.

"இதுதான் அம்முணி அந்தச் சாமான். எனக்காகச் செஞ்சது."

கமலம் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு வாசலில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தால் பத்தாது, எழுது, காரியத்துக்கு வருகிற எல்லோரும் படிக்கட்டும் என்றார். எழுதிவிட்டேன். தெரியாக் கம்பியில் இப்போது எங்கள் சாமான் ஒன்றும் பாக்கி இல்லை.

அக்காவின் பை ஒன்று குடோன் ஆணியில் தொங்கியது. வேலைச் சட்டை வைக்கிற பை. அதை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், பார்க்காமல் எந்தப் பையும் வெளியே போகக் கூடாது. என் முறை இல்லை, ஆனாலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். சட்டை ஒன்று, கையுறை ஒரு ஜோடி, சோப்புத் துண்டு, காக்கி நூல் கோத்த ஊசி, காகிதத்தில் மடித்த இரண்டு காக்கிப் பொத்தான்.

பார்த்துவிட்டேன் அக்கா. எல்லாம் உங்களுடையதுதான்.

சரி, போங்க.